முப்பது கிராம்

தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன்
வஞ்சிரம் எத்தனை கிலோ என்று.
காசிமேட்டு ஏலத்தில் என் கைக்குத்
தராசுக்காரனும் கட்டுப்படுவான்.
அந்தக் கையில்தான் பெனாசிர் மேடம்
ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து
"ஒரு நாளைக்குப் பருப்பு இவ்வளவு" என்றார்.
முப்பது கிராம்.
ரெண்டு காரப்பொடி மீன்.

நாலாம் மாசம் கால் வீங்கியபோது
தலைச்சன் பிள்ளை, அப்படித்தான் என்றார்கள்.
மூத்திரம் நுரைத்தபோது
சூடு என்று நானே சொல்லிக்கொண்டேன்.
ராயபுரத்தில் ரத்தம் எடுத்து
ஸ்டான்லிக்கு அனுப்பினார்கள்.
கிரியாட்டினின் ஒன்று புள்ளி எட்டு.
டீசல் விலையைப் பேசுவது போல
புள்ளிக்கு அப்புறம் வந்த எண்ணையே
வீடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், கறி வேண்டாம்.
கருவாடு, அப்பளம், ஊறுகாய்
பேச்சே எடுக்காதே.
சோறும் பருப்பும் ஒரே தட்டில் வரட்டும்,
தனியே வந்தால் ரெண்டும் அரைகுறை,
புருஷன் பொண்டாட்டி மாதிரி என்று
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
"இது பட்டினி இல்லம்மா. வயிறு நிறையணும்.
எண்ணெய் ஊத்திக்கோ, கிழங்கு தின்னு,
மாத்திரையை மட்டும் விட்டுடாத."

எனக்குப் புரிந்தது இப்படி:
உள்ளே கூடை தூக்குகிற பொம்பளை
ஏற்கெனவே இடுப்பு ஒடிந்தவள்.
இப்போது ரெண்டு வீட்டுக் கூடை.
அவள் தலையில் ஐஸ் கட்டி ஏற்றாமல்
தாமரை இலை ஏற்றச் சொல்கிறார்கள்.

மாமியாருக்குப் புரியவில்லை.
"கடலோரத்து வயித்துக்குள்ள கீரைத்தண்டா?
சுறாப்புட்டு திங்காம பால் எப்படி ஊறும்?"
எதிர்வீட்டு கஸ்தூரி மெதுவாகத்தான் சொன்னாள்,
நோஞ்சானாகப் பிறக்கும் என்று.
சுவர் மெல்லியது. கேட்டுவிட்டது.

உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து
வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டு என்றார்கள்.
லாரித் தண்ணீருக்கு நாலு மணிக்கே குடம் வைத்து,
ஓடி, சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர்.
கொட்டு என்றால் எங்கே கொட்டுவது?
மாமியார் அதில் ரசம் வைத்துத்
தானே குடித்துவிடுகிறாள்.
என் சத்தெல்லாம் இப்போது அவள் உடம்பில்.

தேசிங்கு படகிலேயே குழம்பைத் தின்றுவிட்டு
லைஃபாய் போட்டு ரெண்டு தரம் குளித்து வருகிறான்.
ஆனாலும் நகக்கண்ணில் கடல் இருக்கிறது.
நேற்று ராத்திரி அவன் தூங்கும்போது
விரலைப் பிடித்து வெகுநேரம் முகர்ந்தேன்.
அதில் எத்தனை கிராம் புரோட்டீன் என்று
மேடத்திடம் கேட்கவில்லை.

வாரத்தில் ஒரு வேளை மட்டும்
என் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறார், அளவோடு.
ஆறு நாளும் நான் அந்த ஒரு வேளையைத்தான் சமைக்கிறேன்:
பாறையா, சங்கராவா, புளி எவ்வளவு,
மாங்காய் போடலாமா.
ஞாயிறு வந்து தட்டில் மீன் விழுந்ததும்
கை தானாக அதைத் தூக்கி எடை பார்த்தது.
மாமியார் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் துண்டைப் பிட்டு
பாதியைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.
வால் பக்கம் எனக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கும்.

இருபத்தெட்டாம் வாரம். ஸ்கேன்.
கிரியாட்டினின் இறங்கவில்லை, ஏறவும் இல்லை.
பிள்ளை தொள்ளாயிரத்து எண்பது கிராம்
என்றாள் திரையைப் பார்த்தபடி டாக்டர்.
ஜெல் ஒட்டிய வயிற்றின் மேல்
கையை நீட்டி, விரித்து,
அந்த எடையை வாங்கிப் பார்த்தேன்.
தெரிந்த எடைதான். ஒரு சின்னக் கொடுவா.
ஆயிரம் தரம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்
யார் யாருக்கோ.

வாசலில் நின்று மாமியார் கேட்டாள்:
"எவ்ளோ?"
சொன்னேன்.
ஏலக்காரி கண்ணால் என்னை அளந்துவிட்டுச் சொன்னாள்:
"அவசரப்பட்டு எறக்கிடாத. நிறுத்து.
இன்னும் ஏறும்."
பிறகு உள்ளே போய்
கிண்ணத்தைத் தேடினாள், பருப்புக்கு.